பக்கவாதத்துக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி: வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு ஃபிசியோ என்றால் நம் வீடுகளில் கையும் காலும்தான். கை எப்போது தூக்குவார், எப்போது நடப்பார், எப்போது தானே சோறு பிசைந்து சாப்பிடுவார். பினாங்கில் வீடு வீடாகப் போய் ஃபிசியோ பார்க்கிற எனக்கு முதல் நாளே வந்து விழுகிற கேள்விகள் இவைதான். நான் திருப்பி "இருமச் சொன்னால் பலமாக இருமுவாரா?" என்று கேட்டால், அவருக்கு ஆஸ்துமா எதுவும் இல்லையே என்பார்கள்.

ஆஸ்துமா இல்லாமல் இருக்கலாம். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு ஆளைத் திரும்பவும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற காரணங்களில் நிமோனியா முன்வரிசையில் இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் காரணம் விழுங்குவதில் கோளாறும் பலமில்லாத இருமலும் சேர்ந்துகொள்வது. அதனால் மூச்சுப் பயிற்சி என்று நான் சொல்வது நன்றாக இழுத்து விடுவதை மட்டும் இல்லை. பலமாக ஒரு இருமல் இருமத் தெரிய வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதை நோக்கித்தான் போகிறது.

மூச்சில் என்ன கெட்டுப்போகிறது

கைகால் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து நெஞ்சுத் தசையும், விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தசையும், வயிற்றுத் தசையும், உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற மூச்சுத் தசையின்) அந்தப் பாதியும் பலம் குறைந்துதான் இருக்கும். ஆனால் பார்த்தால் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது விடுகிற மூச்சை மூளைத்தண்டு தானாகப் பார்த்துக்கொள்கிறது, அதனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அசையும். "நல்லா இழுங்க" என்று சொல்லும்போதுதான் மேல்மூளையின் கட்டளை தேவைப்படுகிறது, அடிபட்டது அங்கேதான், அப்போது ஒரு பக்கம் பின்தங்கிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். அவரை முதுகு தெரிய உட்கார வைத்து, பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் கீழ் விலாவைப் பிடியுங்கள், இரண்டு கட்டைவிரலும் முதுகுத்தண்டுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மெதுவாக ஆழமாக இழுக்கச் சொல்லுங்கள். நல்ல பக்கத்துக் கட்டைவிரல் தண்டிலிருந்து விலகிப் போகும், பலவீனமான பக்கத்து விரல் கொஞ்சம்தான் நகரும், சிலருக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற மாதிரி துல்லியம் கிடைக்காது, ஆனால் நாள்பட நாள்பட முன்னேற்றம் இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இருமலுக்கு மூன்று விஷயம் வேண்டும்: முதலில் நிறைய காற்று உள்ளே போக வேண்டும், பிறகு தொண்டை ஒரு கணம் மூட வேண்டும், அப்புறம் வயிற்றுத் தசை சட்டென்று இறுகி அந்தக் காற்றை வெளியே தள்ள வேண்டும். பக்கவாதம் மூன்றையும் தொடலாம். சிலருக்கு இன்னும் மோசம், எச்சிலோ தண்ணியோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் புரையே ஏறாது, இருமலே வராது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். "எங்க அப்பாவுக்குப் புரையே ஏறுறதில்ல, நல்லா விழுங்குறாரு" என்று வீட்டில் சந்தோஷமாகச் சொல்வதை அப்படியே நம்பி நான் குறித்துக்கொள்வதில்லை, விழுங்கும் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

தொடங்கும் முன்

முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்ட்ரோக் ரத்தக்கசிவால் வந்ததா, அடைப்பால் வந்ததா, ரத்த அழுத்தம் எவ்வளவில் நிற்கிறது, இதயத்தில் வேறு பிரச்சினை உண்டா, இதெல்லாம் ஃபிசியோவுக்குத் தெரிந்தாக வேண்டும். மேல் அழுத்தம் 180-ஐத் தாண்டியிருக்கிற நாளில் பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலி, காய்ச்சல், புதிதாக மூச்சுத் திணறல் இருந்தாலும் வேண்டாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த வரலாறு, அண்மையில் மாரடைப்பு, காதுச் சவ்வு கிழிந்தது, மூளையில் அடைக்கப்படாத ரத்தநாள வீக்கம் இருந்தால், பின்னால் சொல்லப்போகிற எதிர்ப்புக் கருவிகளைத் தொடவே வேண்டாம், நிபுணர் சொன்னால் ஒழிய.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி இன்று எல்லா ஃபார்மசியிலும் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். நல்ல பக்கத்துக் கையில் மாட்டுங்கள், பக்கவாதம் வந்த கை வீங்கி, குளிர்ந்து கிடந்தால் அளவு சரியாகக் காட்டாது. நகப்பூச்சும் கல்யாண வீட்டு மருதாணியும் அளவைக் கெடுக்கலாம். கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், அதனால் எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள். பொதுவாக 95-க்கு மேல் இருக்க வேண்டும். வெகுகாலம் புகைபிடித்து நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்லியிருப்பார், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூச்சை எண்ணுங்கள். அவரிடம் சொல்லாமல், டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு முழு நிமிடம். 12-லிருந்து 20-க்குள் இருந்தால் சரி. எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும்.

நேரம் என்று பார்த்தால் காலையில் பசியாறுவதற்கு முன், இல்லையென்றால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து. வயிறு நிறைந்திருக்கும்போது இருமல் பயிற்சி செய்தால் சாப்பிட்டது மேலே வரும்.

முதல் வேலை: உட்கார வைப்பது

இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். நம் வீடுகளில் பக்கவாதம் வந்தவருக்கு ஒதுக்கப்படுகிற இடம் ஹாலில் டிவிக்கு நேரே கிடக்கிற சாய்வு நாற்காலி. அதில் இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகு கூன் போட்டு, தலை பலவீனமான பக்கமாகச் சாய்ந்து, அந்தக் கை தொங்கிக்கொண்டிருக்கும். இப்படி மடங்கிக் கிடக்கிற நெஞ்சுக்கூட்டுக்குள் எந்தப் பயிற்சியும் வேலை செய்யாது, உதரவிதானம் கீழே இறங்க இடமே இல்லை.

கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி எடுங்கள். கோப்பிக் கடையில் போடுகிற இலேசான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், ஒரு பக்கம் சாய்ந்தால் நாற்காலியும் சேர்ந்து சாயும். இடுப்பு நாற்காலியின் பின்புறத்தைத் தொட வேண்டும், இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும், எட்டவில்லை என்றால் கீழே ஒரு பலகை. பலவீனமான கைக்கு அடியில் தலையணை வைத்து முழங்கையோடு தாங்கலாகக் கொடுங்கள். தொங்குகிற கையின் பாரம் தோளை இழுத்து, அந்தப் பக்க விலாவையும் அமுக்கும். உடம்பு ஒரு பக்கம் சரிகிறதென்றால் அந்தப் பக்க இடுப்புக்கும் நாற்காலிக் கைப்பிடிக்கும் நடுவில் சுருட்டிய துண்டைச் செருகுங்கள். கைலியோ பாவாடை நாடாவோ வயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் தளர்த்திவிடுங்கள். இது சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் கைலி முடிச்சை அவிழ்த்ததுமே ஒரு நல்ல மூச்சு போகிறதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அவரைத் தூக்கி நிமிர்த்தும்போது அக்குளில் கைகொடுத்தோ, பலவீனமான கையைப் பிடித்தோ இழுக்காதீர்கள். தோள் நழுவிவிடும், அந்த வலியே பிறகு ஆழமாக மூச்சு இழுக்க விடாது.

உட்கார முடியாதவர் என்றால் கட்டிலின் தலைமாட்டை 30-லிருந்து 45 டிகிரி வரை உயர்த்துங்கள். மட்டமாகப் படுத்தே கிடப்பவரைப் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். சளி ஒரே இடத்தில் தேங்காது, முதுகுப் புண்ணும் வராது.

அடிவயிற்று மூச்சு

நல்ல கையை அவர் தொப்புளுக்குச் சற்று மேலே வைக்கட்டும். உங்கள் கையை அதற்கு மேல் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிறு கையை வெளியே தள்ள வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. வெளியே விடும்போது உதட்டைக் குவித்து, சூடான தே தாரேக்கை ஊதி ஆற்றுகிற மாதிரி மெல்ல, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து. இழுக்க இரண்டு எண்ணிக்கை என்றால் விட நான்கு.

மூன்று, நான்கு மூச்சு எடுத்ததும் நிறுத்துங்கள். சாதாரணமாக மூச்சு விடட்டும், அரை நிமிடம் கழித்து மறுபடியும். ஒரேயடியாகப் பத்து, பதினைந்து என்று ஆழமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும். ஒன்றும் ஆகாது, ஆனால் பயந்துபோவார், அடுத்த நாள் வரமாட்டேன் என்பார்.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தால் காற்று அந்த ஓரத்தில் கசியும். உங்கள் ஒரு விரலால் அந்த உதட்டு ஓரத்தை மெதுவாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு புரியாமல் போனவர்களுக்கு இதை வாயால் விளக்கிக்கொண்டே இருப்பதில் பலன் கம்மி. எதிரில் உட்கார்ந்து, அவர் கையை உங்கள் வயிற்றில் வைத்து நீங்களே செய்து காட்டுங்கள், பார்த்துப் பிடித்துக்கொள்வார். இடது பக்கம் விழுந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும், அவர்களுக்கு வார்த்தையைவிடத் தொடுதல்தான் பேசும்.

பலவீனமான பக்கத்து விலாவை எழுப்புவது

உங்கள் உள்ளங்கையை அவருடைய பலவீனமான பக்கத்தில், அக்குளுக்குக் கீழே விலாவின் பக்கவாட்டில் பதியுங்கள். அவர் மூச்சை வெளியே விட்டு முடிக்கிற நேரத்தில் விலாவை மெதுவாக உள்நோக்கி அமுக்கி, "இப்ப என் கையைத் தள்ளுங்க" என்று சொல்லுங்கள். இழுக்கும்போது கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முழுதாக இழுத்த பிறகு இரண்டு எண்ணும் நேரம் மட்டும் மூச்சை நிறுத்தி விடட்டும், அதற்கு மேல் பிடித்துவைக்க வேண்டாம். எலும்பு மெலிந்துபோன வயதான பெண்களுக்கு அமுக்கவே வேண்டாம், கையைச் சும்மா வைத்தாலே போதும்.

கொஞ்சம் பழகியதும் நல்ல கையால் பலவீனமான கையின் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டையும் சேர்த்து மடியிலிருந்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே மூச்சை இழுக்கலாம், இறக்கும்போது விடலாம். தோள் வலி இருந்தால் வலி தொடங்குகிற உயரத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருமல்

நேராக இருமச் சொல்லாதீர்கள். முதலில் "ஹா". மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அதில் ஆவி ஊதுவோமே, அந்த "ஹா". வாயைத் திறந்து, தொண்டையை இறுக்காமல், வயிற்றால் தள்ளி. நடுத்தரமாக மூச்சு இழுத்து நீளமாக ஒரு "ஹா" விட்டால் அடியில் கிடக்கிற சளி கொஞ்சம் மேலே நகரும், முழுதாக இழுத்துக் குட்டையாக, வேகமாக "ஹா" விட்டால் மேலே வந்ததை வெளியே கொண்டுவரும். இரண்டு "ஹா"வுக்கு நடுவில் அடிவயிற்று மூச்சு நாலு. தொடர்ந்து "ஹா ஹா" என்று போனால் மூச்சிரைப்பு வந்துவிடும்.

அப்புறம் இருமல். சற்று முன்னால் குனிந்து, நல்ல கையால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஆழமாக ஒரு மூச்சு, ஒரு கணம் அடக்கி, தலையணையை உள்ளே அமுக்கிக்கொண்டே இருமச் சொல்லுங்கள். தொண்டையில் மட்டும் "க்கும்" என்று செருமுகிற சத்தத்துக்கும் வயிற்றிலிருந்து வருகிற இருமலுக்கும் வித்தியாசம் இரண்டு நாளில் உங்கள் காதுக்குப் பிடிபட்டுவிடும். இருமியும் சளி வெளியே வராமல் கொளகொள என்று சத்தம் மட்டும் கேட்டால் ஃபிசியோவிடம் சொல்லுங்கள். இருமும் நேரத்தில் மேல்வயிற்றை உள்ளும் மேலுமாகத் தள்ளிக் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அதை நேரில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், எழுத்தில் படித்துச் செய்யக்கூடாது, வயிற்றில் உணவுக்குழாய் போட்டவர்களுக்குச் செய்யவே கூடாது.

ஃபிசியோவிடம் இருமல் வேகத்தை அளக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆஸ்துமாக்காரர்கள் ஊதுகிற அந்தச் சின்னக் குழல் கருவியிலேயே இருமிக் காட்டினால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழே இருந்தால் சளியைத் தானாக வெளியேற்ற அந்த இருமல் போதாது என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று பந்துக் கருவியும் ஸ்பிரிங் கருவியும்

மூன்று பந்து மேலே ஏறுகிற பிளாஸ்டிக் கருவியை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து அனுப்பியிருப்பார்கள், இல்லையென்றால் யாராவது சொந்தக்காரர் வாங்கி வந்திருப்பார். நல்லதுதான், ஆனால் அதன் வேலை என்ன என்று தெரிந்து பயன்படுத்துங்கள். அது இழுக்கிற கருவி, ஊதுகிற கருவி இல்லை. பாதி வீடுகளில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பந்தையும் படீரென்று மேலே அடிப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. ஒரு பந்தை மட்டும் ஏற்றி அதை இரண்டு, மூன்று எண்ணும் வரை அங்கேயே நிறுத்திவைக்கிற மெதுவான இழுப்புதான் நுரையீரலின் அடிவரைக்கும் போகும். பலத்தைக் கூட்டுவதற்கு இந்தக் கருவி போதாது, அதில் எதிர்ப்பு அவ்வளவாக இல்லை.

பலத்துக்கு வேறு கருவி, முன்னால் சொன்ன எதிர்ப்புக் கருவி. உள்ளே ஸ்பிரிங் வால்வு இருக்கும், குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இழுத்தால்தான், அல்லது ஊதினால்தான், வால்வு திறக்கும், காற்று போகும். தூக்குகிற எடையைக் கூட்டுகிற மாதிரி திருகித் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம். பக்கவாதத்துக்குப் பிறகு மூச்சுத் தசைப் பயிற்சி பற்றி இதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நாளுக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள், 5 வாரம் செய்தால் இழுக்கும் தசையும் விடும் தசையும் பலப்படுகின்றன, மூச்சு சம்பந்தமான சிக்கல்களும் குறைகின்றன என்று கண்டிருக்கிறார்கள். 30 நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அழுத்தத்தில் தொடங்குவது என்பதை ஃபிசியோ அளந்து சொல்ல வேண்டும். நோயாளி முழுப் பலத்தோடு இழுத்தால் வருகிற அழுத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் வைத்துத் தொடங்குவது வழக்கம், வாரத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுவார்கள். இணையத்தில் வாங்கி நீங்களாகத் திருக வேண்டாம். என் கருத்து, இழுக்கும் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள் என்றால் விடும் பயிற்சி எங்கே என்று கேளுங்கள். இருமல் வெளிமூச்சுத் தசையில்தான் இருக்கிறது, அது ஏனோ எப்போதும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

எவ்வளவு சிரமம் சரி என்பதற்கு 0-லிருந்து 10 வரை எண் கேளுங்கள், 0 என்றால் சிரமமே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. 3, 4-இல் நிற்க வேண்டும். 6-க்குப் போனால் நிறுத்துங்கள். கருவியின் வாய்ப்பகுதியைத் தினமும் சோப்புத் தண்ணியில் கழுவிக் காய வையுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஒருவர் கருவியை இன்னொருவர் வாயில் வைக்கக்கூடாது, அண்ணன் தம்பி என்றாலும்.

வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற வைத்தியம்

பலூன் ஊதச் சொல்வார்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு முக்கி முக்கி ஊதுவது நல்லதில்லை, கன்னம் பலமில்லாதவருக்குக் காற்றெல்லாம் வாயிலேயே நின்றுவிடும்.

யோகா தெரிந்த மாமா ஒருவர் வேகவேகமாக வயிற்றை உதறி மூச்சு விடுகிற பயிற்சியையும், மூச்சை அடக்கி நிறுத்துகிற பயிற்சியையும் சொல்லித் தருவார். ஸ்ட்ரோக் வந்த புதிதில் இரண்டும் வேண்டாம். மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிற வகைகள் சரி. மாமாவின் மனம் கோணாமல் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆவி பிடிப்பது, கொதிக்கிற சட்டிமேல் போர்வை போட்டு. பலவீனமான பக்கத்தில் சூடு உறைக்காமல் போகலாம், தோல் வெந்தபிறகுதான் தெரியும். தைலம் தேய்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை, மூக்குக்குள் மட்டும் வைக்காதீர்கள். உருட்டுக்காரரை (மசாஜ் செய்கிறவரை) கூப்பிட்டு உடம்பு பிடித்து விடுவது உங்கள் விருப்பம், ஆனால் அது மூச்சுத் தசைக்குப் பயிற்சி இல்லை, நெஞ்சை ஏறி அமுக்க விடாதீர்கள்.

பாட்டுக்கு மட்டும் நான் ஓட்டுப் போடுவேன். தெரிந்த பக்திப் பாட்டையோ பழைய சினிமாப் பாட்டையோ ஒரு வரியை ஒரே மூச்சில் பாடுவது, பிறகு இரண்டு வரி. குரல் வராதவர்கள் "ஆ" என்று இழுக்கலாம், வாரா வாரம் எத்தனை வினாடி நிற்கிறது என்று கைப்பேசியில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பயிற்சி என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அப்பாக்கள்கூட இதற்கு உட்காருவார்கள்.

சாப்பாடும் வாய்ச் சுத்தமும்

இதை ஃபிசியோ கட்டுரையில் ஏன் எழுதுகிறேன் என்றால், அழுக்கான வாயில் ஊறுகிற எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் எத்தனை பயிற்சி செய்தும் பலன் இல்லை. காலையும் இரவும் பல் துலக்கி, பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று விரலோ ஈரத் துணியோ விட்டுப் பார்த்துவிடுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். சாப்பிடும்போது நிமிர்ந்து, மோவாய் கொஞ்சம் தாழ்ந்து, டிவி அணைந்து. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள், குழாயில் பால் கொடுக்கிறவர்களுக்கும் அதே கணக்கு. தண்ணி குடித்தபின் குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறினால் அன்றே சொல்லுங்கள், பேச்சு மற்றும் விழுங்கும் சிகிச்சையாளர் பார்த்து எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்று சொல்வார்.

குறட்டை பற்றியும் ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு இருக்கிறது. குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திடுக்கென்று மூச்சு வாங்கினால் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

நடை, புகை, வெயில்

நடக்க முடிகிறவருக்கு நடையே நல்ல மூச்சுப் பயிற்சி. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அந்த வேகம் போதும். பினாங்கில் படாங் கோத்தா கடலோரம் சமதரை என்பதால் வசதி. தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஏற்றத்தை விட்டுவிட்டு முன்பகுதியிலேயே சுற்றலாம். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து செய்யலாம். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், முக்கி அடக்கிக்கொண்டு எழுந்தால் அழுத்தம் ஏறும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் அவர் படுக்கிற அறைக்கு வெளியே இருக்கட்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்

ஆக்சிஜன் அளவு 92-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்பது, நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு ஓடுவது, காய்ச்சலோடு சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்கிக்கொண்டே இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தால், அதிலும் ஒரு காலின் ஆடுதசை வீங்கி வலித்திருந்தால், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உடனே அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கை விழுவது மறுபடி வந்தாலும் 999, நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தும் காய்ச்சல் வராமல் இருக்கலாம், சாப்பாடு இறங்கவில்லை, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்பதே முதல் அறிகுறியாக இருக்கும்.

எங்கே போவது

டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வார்டில் ஃபிசியோ அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்கு பொது மருத்துவமனை, பெருநிலப் பக்கம் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம். குடிமக்களுக்கு அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட்தான். நேராக "மூச்சுத் தசையையும் இருமலையும் பாருங்கள்" என்று சொல்லுங்கள், கேட்காவிட்டால் கை காலிலேயே நேரம் போய்விடும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வெளியே அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள்.

படுக்கையிலேயே இருக்கிறவர் என்றால் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) வீட்டுக்கு வந்து பார்க்கிற சேவை உண்டா என்று விசாரியுங்கள், பல இடங்களில் இருக்கிறது. நாசாம் என்று நாம் சொல்கிற தேசிய பக்கவாதச் சங்கம் 1996-இல் பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ தொடங்கியது. பெட்டாலிங் ஜெயாவிலும் பினாங்கிலும் அவர்களுக்கு மையம் இருக்கிறது, மற்ற நோயாளிகளோடு சேர்ந்து செய்வதால் வீட்டில் முரண்டு பிடிக்கிறவர்கள் அங்கே அடங்கிச் செய்வார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை. வேலையில் இருந்தபோது பெர்க்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டியவர் என்றால் அந்த அலுவலகத்தில் கேட்காமல் விடாதீர்கள், மலாக்காவில் அவர்களுக்கென்றே பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஊனம் நிலைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னால் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கும் அப்போதே படிவம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகும்போது மருந்துப் பட்டியல், டிஸ்சார்ஜ் கடிதம், ஒரு வாரத்து ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எழுதிய நோட்டு, வீட்டில் இருக்கிற மூன்று பந்துக் கருவி, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் அவரோடு இருந்து பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவரே கூடப் போக வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த மகன் போய்க் கேட்டு வந்து, வீட்டில் இருக்கிற அம்மாவுக்கோ இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கோ சொல்லிக்கொடுத்தால் பாதிதான் வந்து சேரும். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், ஃபிசியோ காட்டுவதை அவர் அனுமதியோடு கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் முடிந்து பலம் வந்தபிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தொடர வேண்டும், நிறுத்தினால் வந்த பலம் மெல்ல இறங்கிவிடும். அந்த அட்டவணையையும் கடைசி அப்பாயின்ட்மென்ட்டில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.